தமிழ்ப் பதிப்பில் அவர்கள் அக்கா தம்பி

“என்னை அவளுக்குத் தம்பியாக்கினது யாரு? நீதானே! அப்ப நீயே வந்து அம்மாகிட்டப் பேசு!”

“விளையாட்டுலதாண்டா ஆக்கினேன்! நீ போய் நிஜத்துல அவளையே கட்டிக்கறேன்னு நிப்பேன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

“ஐயோ, மெதுவாப் பேசுங்களேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.”

திறந்துதான் இருந்தது. சரவணம்பட்டியில் அந்த அடுக்ககத்தின் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முகிற அளவு. பி பிளாக் தங்கமணி தன் ஜன்னலை மூடி யாரும் பார்த்ததில்லை. காற்றுக்காகத் திறந்து வைக்கிறாளாம். காற்று என்றே வைத்துக்கொள்வோம், நமக்கென்ன.

கத்திய அக்காள் சம்யுக்தா. கத்திய தம்பி நிரஞ்சன். ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட்டவள் மிருதுளா, கோபிச்செட்டிபாளையத்துப் பெண், வீட்டுக்கு ஒரே பிள்ளை. இவளைத்தான் நிரஞ்சன் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. குறுக்கே நிற்பது ஒரு விளையாட்டு.

சம்யுக்தாவுக்குத் தலை வலித்தது. பெங்களூரில் கட்டிய கணவனை விட்டுவிட்டு அவள் கோவைக்குத் திரும்பிய நாளிலிருந்து குடும்பத்தில் எது நடந்தாலும் கடைசியில் அவள் வாசலில் வந்து நிற்கும். தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் அவள்தான் காரணம். இப்போது கல்யாணம்.

“நான் அன்னைக்கு அண்ணன் தங்கச்சின்னு போட்டிருந்தா மட்டும் விட்டிருப்பாங்களா? எப்படிப் போட்டாலும் மாட்டியிருப்பே. உன் ராசி அப்படி.”

“மாமன் மகன், அத்தை மகள்னு போட்டிருக்கலாமில்ல?” என்றான் நிரஞ்சன்.

“போட்டிருக்கலாம். ரெண்டு பேரும் காட்டுலயும் மேட்டுலயும் தனியா நடந்து போற கதைடா அது. முறைப்பையனும் முறைப்பொண்ணும் ராத்திரி ஒரே சத்திரத்துல தங்கினா நம்மூரு அம்மாக்கள் அந்த விளையாட்டை வீட்டுக்குள்ள விடுவாங்களா?”

நிரஞ்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எப்போதும்போல் கூன் போட்டுக்கொண்டு நின்றான். மூவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அந்த அறையிலேயே இருந்தது. சொன்னால் அத்தனை சண்டையும் அன்றைக்கே முடிந்திருக்கும். மூவரும் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போய் மற்ற எல்லாவற்றையும் கத்தினார்கள். அது என்னவென்று தங்கமணிக்கே அப்போது பிடிபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் இரட்டைத்தடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், உங்கள் கூடத்திலேயே பழைய பெருவழி ஒன்று விரியும். மிளகு மூட்டையோடு இருவர் மலைக்கணவாயிலிருந்து கடற்கரைக்கு நடக்க வேண்டும். இருவரில் ஒருவர் நீங்கள். மற்றவர் உங்களோடு வருவார், பேசுவார், சண்டை போடுவார், நடை அலுத்தால் உங்கள் வீட்டுச் சோபாவிலேயே வந்து உட்கார்ந்துகொள்வார்.

இதில் புதுமை, அந்த இருவரும் கணினி பிசைந்த பொம்மைகள் அல்ல என்பது. உயிரோடு இருக்கும் இரண்டு பேர் தங்கள் முகம், குரல், நடை, கோபம், சிரிப்பு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பதிவு செய்து கொடுத்தார்கள். ஆளையே இரவல் கொடுப்பது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ‘ஒரு பாத்திரம், ஒரே மனிதர்’ என்பது கம்பெனியின் பெருமை. இரவல் கொடுத்தவர்கள் நிரஞ்சனும் மிருதுளாவும். இருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆள் தேடிக்கொண்டிருந்த சம்யுக்தாதான் இருவர் கையையும் பிடித்து இழுத்துப் போய் நிறுத்தினாள். ஒருவரையொருவர் அதற்கு முன் அவர்கள் பார்த்ததுகூட இல்லை. இந்தப் புண்ணியமும் அவள் கணக்கில்தான்.

ஊருக்கு ஊர் விளையாட்டு ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். உறவு மட்டும் மாறும். பிரேசிலில் அவர்கள் பிரிந்து பிரிந்து சேரும் காதலர்கள். கொரியாவில் ஒரே பள்ளியில் மூத்தவளும் இளையவனும். ஜெர்மனியில் வெறும் சக ஊழியர்கள், மிளகு மூட்டையைக்கூட ஆளுக்குப் பாதியாக எடைபோட்டுச் சுமப்பார்கள். எந்த ஊருக்கு எந்த உறவு என்று முடிவு செய்வதுதான் சம்யுக்தாவின் உத்தியோகம். தமிழ்ப் பதிப்புக்கு அவள் போட்டது அலரி என்ற அக்கா, நெடுவன் என்ற தம்பி.

போட்டதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் வெறுமனே நடந்து போனால் ஒட்டாது, ஒரு சீர், ஒரு சடங்கு வேண்டும் என்று நெடுவனின் கல்யாணத்தைக் கதையில் வைத்தாள். கொங்குக் கல்யாணம் என்றால் தாலிக்கு முன்னால் இணைச்சீர் இல்லாமல் எப்படி? மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் கல்யாணப்பெண் மாதிரியே அலங்கரித்துக்கொண்டு வந்து நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை மாப்பிள்ளை கையில். வரப்போகிறவளுக்கு முன்னால், பிறந்தவளுக்கு மரியாதை. அவளுக்கென்று மண்டபம் மொத்தமும் எழுந்து பார்க்கும் நேரம் அது ஒன்றுதான்.

நடிகரை வைத்துச் செய்திருந்தால் தொல்லை இல்லை. அச்சு அசலாக இருக்கட்டும் என்று, கொங்குக் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரரையே நிஜமாகக் கூட்டிவந்தாள். நாச்சிமுத்து அருமைக்காரர் விரதம் இருந்து, குளித்து, குடையோடு வந்து இறங்கினார். பதிவுக் கூடத்தைப் பார்த்து ஆடிப்போனார். அக்காவும் தம்பியும் உடம்பெல்லாம் கறுப்பு உறை, தலையில் முகத்தையே மறைக்கிற தலைக்கவசம், அதற்கு மேல் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும்.

“நெத்தியில திருநீறு வெக்கோணும். நெத்தியவே காணமே, எங்கீங்க வெக்கறது?” என்று கேட்டார் பாவம். கடைசியில் தலைக்கவசத்தின் மேலேயே பூசினார். ஒன்றையும் விடாமல் முறைப்படி செய்து முடித்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

அந்தக் காட்சி நாடெங்கும் ஓடியது. நடுச்சடங்கில் கூன் போட்டு நிற்கும் தம்பியின் முழங்கையில் அலரி விரல் முட்டியால் ‘டொக்’ என்று ஒன்று வைத்து, “நேரா நில்றா, ஊரே பாக்குது” என்பாள். எழுதிவைத்த வசனம் அல்ல, தானாக வந்தது. அதைப் பார்த்து அழாத அக்கா கொங்கு நாட்டில் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒருவர் முழங்கையை ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

இப்போது நாச்சிமுத்து சொல்வது இதுதான்: “எங் கையால நா இணைச்சீர் செஞ்சுவெச்ச புள்ளைங்க. அதுங்க உடம்பொறந்ததுக்குச் சமானம். அந்தக் கையாலயே தாலி எடுத்துக் குடுன்னா எப்படீங்க?”

“நடிப்புன்னு சொல்லிடுங்களேன் அய்யா,” என்று சம்யுக்தா நேரில் போய்க் கெஞ்சினாள்.

“நடிப்பா? நடிப்புக்கு எவனாச்சும் விரதமிருப்பானா அம்மிணி?”

விளையாட்டில் குடையோடு வரும் பெரியவராக அவரும் இருக்கிறார். கடைவீதியில் பையன்கள் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். சடங்கு பொய்யென்றால் அவரும் பொய்யாகிவிடுவார். மனிதர் லேசில் விடுவாரா?

அவரையாவது சமாளிக்கலாம். அம்மா கோகிலவாணியை எப்படிச் சமாளிப்பது?

கோகிலவாணி இரட்டைத்தடத்தில் ஊறிப்போன ஆள். மகன் முகமாயிற்றே என்று நெடுவனாகவே விளையாடுவாள். எனவே அறுபது வயது கோகிலவாணியை அலரி ‘தம்பி’ என்பாள். கோகிலவாணி அலரியை ‘என்ர மக’ என்பாள். இருவருக்கும் இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

“தம்பி, பிரஷர் மாத்திரை போட்டியா? பொய் சொல்லாதே, மூஞ்சியே சொல்லுது,” என்பாள் அலரி, சோபாவில் உட்கார்ந்தபடி.

“போடறேன் சாமி, போடறேன்,” என்று ஓடுவாள் கோகிலவாணி.

அதையே சம்யுக்தா கேட்டால் தொணதொணப்பு. “அலரியப் பாத்துக் கத்துக்கடி. எத்தனை பதமாச் சொல்றா. நீயும் இருக்கறியே, நாய விரட்டற மாதிரி,” என்பாள். சம்யுக்தா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்படிப் போகும்போது அவள் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு இருக்கும் என்று தங்கமணி பிற்பாடு சொன்னாள். அப்போது கவனித்தாளா, கதை தெரிந்த பிறகு சேர்த்துக்கொண்டாளா, தெரியாது.

“மகள்னு கூப்பிட்ட மூஞ்சிய மருமகள்னு எப்படிடீ கூப்பிடுவேன்? எனக்கு நாக்கு திரும்புமா?” கோகிலவாணி அழுதேவிட்டாள். “ஒறம்பரை, சொந்தபந்தம் வந்து கேக்காதா? அக்காளுக்கே தாலி கட்டறானாக்கும்னு? அந்தப் புள்ளை தங்கமான புள்ளைதான். அதனாலதான் மகளா வெச்சிருக்கறேன்.”

“அம்மா, அது மிருதுளா இல்ல. அலரி. ஒரு பிம்பம்.”

“பிம்பம் மாத்திரை போட்டியான்னு கேக்குமா?”

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நிரஞ்சன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு யார் நிற்பது என்பதே அதற்கு முன் ஒரு பெரிய சண்டையாக ஓடி ஓய்ந்திருந்தது. புருஷனை விட்டு வந்தவள் நிற்கக்கூடாது, பங்காளி வீட்டில் வேறொரு பெண் நிற்கட்டும் என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். சம்யுக்தா ஒற்றைக் காலில் நின்றாள். “என் தம்பிக்கு நான்தான் நிப்பேன். முடியாதுன்னா பத்திரிகையில என் பேரையே அடிச்சிடுங்க,” என்றாள். பெங்களூரிலிருந்து பெட்டியோடு வந்தபோதுகூட வாய் திறக்காதவள், இதற்கு மட்டும் ஊரையே எதிர்த்துப் பேசினாள். கடைசியில் கோகிலவாணி சரி என்று தலையாட்டினாள். பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்றைச் சம்யுக்தா எடுத்துவைத்திருக்கிறாள். இணைச்சீர் ஒருவனுக்கு ஒருமுறைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி ஹரிகேஷுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சனையாகவே தோன்றவில்லை.

“ஒரு சுவிட்ச்தானே சம்யுக்தா? சிப்ளிங்கை எடுத்துட்டு கஸின்னு மாத்திடுவோம். உங்க ஊர்ல கஸினைக் கட்டிக்கலாம்தானே?”

“எல்லாக் கஸினையும் கட்டிக்க முடியாது சார். சித்தப்பா பொண்ணு தங்கச்சி. அத்தை பொண்ணு முறைப்பொண்ணு.”

“அப்ப அத்தை. பண்ணிடுவோம்.”

“ரெண்டு வருஷமா அவங்க அக்கா தம்பியா நடந்ததெல்லாம் எங்க போகும்?”

“எங்கேயும் போகாது. புது உறவுக்குத் தகுந்த மாதிரி அவங்களே ஞாபகத்தைச் சரிபண்ணிக்குவாங்க. அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

“பாக்கறவங்களுக்குத் தெரியுமே சார்.”

“டெஸ்ட் பண்ணுவோம். கோயம்புத்தூர்ல மட்டும்.”

பண்ணினார்கள். அன்றைக்குக் காலையில் சரவணம்பட்டியில் நடந்ததை இன்றும் பேசிச் சிரிக்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அலரி சோபாவுக்கு வரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, கால் விரலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டு, “மாத்திரை போட்டீங்களா மாமா?” என்றாள்.

கோகிலவாணி போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்தார்.

பி பிளாக்கில் நிலைமை இன்னும் மோசம். தங்கமணியின் மகள் அலரியாக விளையாடுகிறவள். கூடப்பிறந்தவன் இல்லாத பெண். அதனால் நெடுவன்தான் அவளுக்குத் தம்பி, அவள் மகனுக்குத் தாய்மாமன். பிள்ளைக்குக் காது குத்தியதே நெடுவன் மடியில்தான். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பிள்ளை வெறும் தலையணை மேல் உட்கார்ந்திருந்தது, அது வேறு விஷயம். அன்று காலை அந்தப் பிள்ளை “மாமா” என்று ஓடிப்போக, நெடுவன் அதன் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்து அசடு வழியச் சிரித்துவிட்டு, “இது யார் வீட்டுக் குழந்தை?” என்று கேட்டான்.

பிள்ளை அழுத அழுகையைக் கேட்கச் சகிக்கவில்லை. தங்கமணியின் மருமகன் கண்ணாடியைப் பிடுங்கி வீசினான். “இந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை போதும்!”

மத்தியானத்துக்குள் ஹரிகேஷ் பழையபடி மாற்றிவிட்டார். நெடுவனுக்கு எல்லாம் திரும்ப நினைவு வந்துவிட்டது. பிள்ளைதான் அதன்பிறகு அவனிடம் போக மாட்டேன் என்றது. சம்யுக்தா அந்தப் பிள்ளையை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நெடுவனைத் தாய்மாமனாக்கியதும் அவள்தான், இல்லாமல் ஆக்கியபோது கூடவே இருந்தவளும் அவள்தான்.

கோகிலவாணி அதோடு முடிவு கட்டிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, கோபிக்காரர்களிடம் மரியாதையாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெரியப்பா வீட்டார், கோபியிலிருந்து மிருதுளாவின் அப்பா அம்மா, நடுநாயகமாக நாச்சிமுத்து அருமைக்காரர், மூலையில் எதற்கென்றே தெரியாமல் பி பிளாக் தங்கமணி. தட்டு நிறைய முறுக்கு இருந்தது, யாரும் தொடவில்லை. தங்கமணி மட்டும் ஒன்று எடுத்தாள்.

“நேரடியாச் சொல்லிப்போடறேனுங்க,” என்று நாச்சிமுத்து தொடங்கினார். “பையனைக் குத்தஞ் சொல்ல முடியாது. புள்ளையையும் குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா சீர்னு ஒண்ணு செஞ்சாச்சு. ஊர் உலகமே பாத்தாச்சு. இனி அதுங்க ரெண்டும் மணவறையில உக்காந்தா நாளைக்கு எவனும் எதையும் மதிக்க மாட்டான்.”

மிருதுளாவின் அப்பா எழுந்தார். “எங்க பொண்ணுக்கு இதைவிட மேலான இடம் வராமப் போயிடாதுங்க. வா மிருது, போலாம்.”

மிருதுளா எழுந்தாள். நிரஞ்சனைப் பார்த்தாள். நிரஞ்சன் சுவரோடு ஒட்டிக் கூனிக்கொண்டு நின்றான், தரையைப் பார்த்தபடி. இப்படி ஒரு பையனா என்று சம்யுக்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் கொழுக்கட்டையா? கட்டிக்கப்போகிறவள் எழுந்து போகிறாள், இவன் தரைக்கல்லை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அவள் யோசிக்கவே இல்லை. கடந்து போகிற போக்கில் அவன் முழங்கையில் விரல் முட்டியால் ‘டொக்’ என்று ஒன்று வைத்தாள்.

“நேரா நில்றா, ஊரே பாக்குது.”

கூடத்தில் தங்கமணியின் வாயில் முறுக்கு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் நின்றது.

குரல் வேறுதான். அலரியின் குரல் மிருதுளாவினுடையது, தேன் மாதிரி. சம்யுக்தாவின் குரல் உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கை! உள்ளங்கையை மேலே திருப்பி, நடுவிரல் முட்டியை மட்டும் நீட்டி, அடித்த பிறகு அடிபட்ட இடத்தையே அரைக்கணம் தடவி எடுக்கும் அந்தக் கை. இரண்டு வருடமாக எல்லார் வீட்டுக் கூடத்திலும் அதை எத்தனை முறை பார்த்திருப்பார்கள்.

நாச்சிமுத்து மெல்ல எழுந்தார். “அம்மிணி. இன்னொருக்காச் செய்யி.”

“அக்கா, வேண்டாம். சொல்லாதே,” என்றான் நிரஞ்சன். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது.

சம்யுக்தா அவனைப் பார்த்தாள். மிருதுளாவைப் பார்த்தாள். மிருதுளாவும் வேண்டாம் என்று தலையாட்டினாள், கண்ணில் தண்ணீரோடு.

“அன்னிக்கு மிருதுளாவுக்குக் காய்ச்சல்,” என்றாள் சம்யுக்தா. “அய்யா விரதமிருந்து வந்துட்டாரு, திருப்பி அனுப்ப முடியாது. அதனால உறையை நான் போட்டுக்கிட்டேன். தலைக்கவசத்துக்குள்ள இருந்தது நான். திருநீறு வாங்கினது நான். முகமும் குரலும்தான் பொறவு அவளோடது வெச்சோம். ஒரு பாத்திரம் ஒரே மனிதர்னு கம்பெனி தம்பட்டம் அடிச்சதால வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

“நீயா?” என்றாள் கோகிலவாணி.

“அது மட்டுமில்ல அத்தை,” என்றாள் மிருதுளா. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள். “எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல. தம்பியை எப்படித் திட்டறதுன்னே தெரியாது. நான் திட்டிட்டு ஸாரி சொல்லிடுவேன். அலரி திட்டறதெல்லாம் இவங்க திட்டினதுதான். மாத்திரை போட்டியான்னு கேக்கறதும்.”

கோகிலவாணி சோபாவில் உட்கார்ந்தாள். அலரி வழக்கமாக உட்காரும் இடம் அது. எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தாள், யாரோ புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பதுபோல.

“ஏண்டா,” என்று மகன் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமல்லோ? சேலையோட அந்த முனையப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நீதான? பேச்சு வந்தன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா இத்தனை ரகளை எதுக்கு?”

நிரஞ்சன் இப்போதும் தரையைத்தான் பார்த்தான். முதுகு மட்டும் நேராக இருந்தது. “சொன்னா அக்காவுக்கு நிக்கறது போயிடுமில்ல. ரெண்டு தடவை செய்ய மாட்டாங்கன்னு அய்யாதான் சொல்லுவாரே. பச்சைச் சேலைகூட எடுத்து வெச்சிருக்கா. கல்யாணம் தள்ளிப்போனாப் போவட்டும்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்.”

இரண்டும் வாய் இருந்தும் ஊமையாக அலைந்தது அதற்குத்தான். சம்யுக்தா வேலைக்குப் பயந்து ஊமையாக இருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். இணைச்சீருக்கு நிற்கும் தன் ஆசையை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அதை இழக்க மனமில்லாமல் இவள் ஊமையாக இருந்தாள். கத்துகிற கத்தலில் யாருக்கு யார் மனது கேட்கும்?

பெரியப்பா தொண்டையைச் செருமினார். புருஷனை விட்டு வந்தவள் நிற்கக்கூடாது என்றவர் அவர்தான். அவர் வீட்டுக் கூடத்தில்தான் அந்த இணைச்சீர்க் காட்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மங்களகரமாக இருக்கட்டும் என்று ஓடவிடப்படும். முறுக்குத் தட்டை எடுத்துத் தங்கமணி அவரிடம் நீட்டினாள். சிரிக்காமல் நீட்டினாள் என்று அவளே சத்தியம் செய்கிறாள்.

“அப்ப முறைப்படிதான் நடந்திருக்குது,” என்றார் நாச்சிமுத்து. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவர் பொய்யாகவில்லை. “பொறந்தவ நின்னிருக்கறா, பொறந்தவனுக்கு. ஒரு குத்தமும் இல்லீங்க. நா தாலி எடுத்துத் தரேன்.” பிறகு சம்யுக்தாவிடம், சற்றுத் தணிந்த குரலில், “ஆனா அம்மிணி, செஞ்சது செஞ்சதுதான். திருப்பி ஒருக்கா நிக்க முடியாதாக்கும்.”

“தெரியுங்க அய்யா,” என்றாள் சம்யுக்தா. “காப்பி ஆறிப்போச்சு. மாத்திக் கொண்டு வரேன்.”

கல்யாணம் தை மாதம் நடந்தது. தாலிக்கு முன்னால் நாச்சிமுத்து மேடையில் நின்று, “இணைச்சீர் முன்னமே ஆச்சுங்க,” என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். எல்லோரும் எழுந்து சம்யுக்தாவைத் தேடினார்கள். அவள் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு பந்தியில் நின்று, ரசம் ஏன் இன்னும் வரவில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று தங்கமணி எட்டிப் போய்ப் பார்த்தாள். ரசத்தின் ஆவி என்றாள் சம்யுக்தா. ரசம்தான் இன்னும் வரவே இல்லையே.

‘ஒரே மனிதர்’ பெருமை உடைந்துபோன கோபத்தில் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பியது. ஹரிகேஷ் ஹைதராபாத்துக்குப் போய்விட்டார், தெலுங்குப் பதிப்புக்கு. கஸின் என்ற சொல்லை இப்போது வாயில் எடுப்பதில்லையாம். சம்யுக்தா உடுமலைப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாளா என்றால், இல்லை. வரன் கொண்டுபோன தரகர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார், அலரியிடம் திட்டு வாங்கியதுபோல் இருந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அலரி இப்போதும் கோகிலவாணியின் சோபாவில் உட்காருகிறாள், ஆனால் புதிதாக ஒன்றும் திட்டத் தெரியவில்லை, சொன்னதையே சொல்கிறாள் என்று கோகிலவாணிக்குக் குறை. மாத்திரை நேரத்தில் உடுமலைக்குப் போன் போட்டு, எடுத்ததும் “இன்னும் போடலை” என்கிறாள். அப்புறம் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிரஞ்சனும் மிருதுளாவும் ஜெர்மனிக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த ஊர்ப் பதிப்பில் அவர்கள் சக ஊழியர்கள். ஒரே வீட்டில் எதற்கு இருக்கிறார்கள் என்று மட்டும் எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாராம். போன மாதம் நிரஞ்சன் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் கூனிக்கொண்டு நின்றபோது, மிருதுளா பின்னாலிருந்து வந்து அவன் முழங்கையில் முட்டியால் ‘டொக்’ என்று வைத்து, “நேரா நில்லு,” என்றாளாம்.

அவன் ஈரக்கையோடு திரும்பினான்.

“அது அக்காவோடது,” என்றான். “நீ வேற ஏதாச்சும் கண்டுபுடி.”